மாமா பறித்த தூதுவளை

ஒரகடம்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஐசுவுக்கு,

அண்ணி மஞ்சுளா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும், முப்பிடாதித் தம்பியும், உன் வயிற்றுக்குள் உருண்டுகொண்டிருக்கும் அந்தச் சின்ன ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கும்பிடுகிறேன்.

வாராவாரம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். சிரி. காரணம் இருக்கிறது. ஒரு விஷயத்தைப் போனில் உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். போனில் சொல்லக் கூடாது என்றுதான் வாங்கினார். தாளில் எழுதுவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. மாமனாருக்குக் கொடுத்த வாக்கையும் மீறாமல், வாயையும் அடக்க முடியாமல், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல்முறையாகப் பேனா பிடித்து இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இந்தக் கடிதத்தோடு ஓர் அட்டைப்பெட்டியும் உன் கைக்கு வந்திருக்கும். நம் தெரு தசரதன் அண்ணன் இங்கிருந்து வண்டி பார்ட்ஸ் ஏற்றிக்கொண்டு வடக்கே உங்கள் சாக்கனுக்குத்தானே லாரி ஓட்டுகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் சந்துக்குள் லாரி நுழையாதாம். தம்பியை மெயின் ரோட்டுக்கு வரச் சொல். நீ தூக்கிக்கொண்டு நடக்காதே. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் இதை முழுதாகப் படித்துவிடு. அவ்வளவு டேப்பை யார் சுற்றினார்கள் என்று பார்த்தாலே பாதி உனக்குப் புரிந்துவிடும், இருந்தாலும் படி.

இந்த வருடம் இங்கே பனி அதிகம். மாசி பிறந்த பிறகும் விடியற்காலையில் எதிரில் வருகிற கம்பெனி பஸ் தெரிவதில்லை, அதன் விளக்குதான் தெரிகிறது. உங்கள் ஊரில் இன்னும் குளிரும். ஸ்வெட்டர் போடச் சொன்னால் புழுங்குகிறது என்பாய், காதையாவது மூடிக்கொள். உன் அண்ணன் லோகேஷ் ஓ.டி. ஓ.டி. என்று அலைந்து கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறார். என் ஒயரிங் லைனில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அவர்கள் வேலையும் என் கையில்தான். சூப்பர்வைசரிடம் சண்டை போட்டேன். ஜெயித்தேனா என்று கேட்காதே.

உன் வளைகாப்பை வீடியோவில் பார்த்தேன். உன் மாமியார் தென்காசியிலிருந்து வந்து இரண்டு கையிலும் முழங்கை வரை அடுக்கியிருந்தார். நல்ல மனுஷி. ஆனாலும் தாய்வீட்டு வளையல் ஒன்றுகூட இல்லையே என்று எனக்கு மனசு ஆறவில்லை. என் அத்தை, உன் அம்மா, இருந்திருந்தால் யார் தடுத்தாலும் பஸ் ஏறியிருப்பார். அதையெல்லாம் எழுதி உன்னை அழ வைக்கக் கூடாது. விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பங்குனியில் பிரசவ நாள் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று சொன்னாயே, அன்றைக்கு நான் வழக்கம் போல ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நான் ஏன் எப்போதும் ஸ்பீக்கர் போடுகிறேன் என்று ஒருமுறை கோபித்துக்கொண்டாய். காய் நறுக்க வசதி என்றேன். காயும் இல்லை, கத்தியும் இல்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கேட்கட்டும் என்றுதான். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும் நேரத்தில் உன் அப்பா எங்கேயும் போகமாட்டார். பேப்பரை விரித்துப் பிடித்திருப்பார். நீ போனை வைக்கும்வரை அதே பக்கம்தான் இருக்கும்.

அன்றைக்கு நீ வைத்த பிறகு, அந்த ஊரில் நாட்டு மருந்துக் கடை இருக்குதா என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, பேப்பரைப் பார்த்துக் கேட்டார். தெரியாது மாமா என்றேன். அதோடு சரி.

மறுநாளிலிருந்து மனிதர் விடிவதற்குள் கிளம்பிப் போக ஆரம்பித்தார். காலில் சேஃப்டி ஷூ. கையில் கம்பெனியில் கொடுத்த, கத்தி பட்டாலும் கிழியாத கையுறை. கண்ணுக்குக் கண்ணாடி. தோளில் கட்டைப்பை. எங்கே மாமா என்றால் வாக்கிங் என்பார். வாக்கிங்குக்குக் கண்ணாடி எதற்கு? யாரோ புரோக்கரோடு சேர்ந்து ஏரிக்கரை மனையைப் பேசி முடிக்கப் போகிறார் என்று உன் அண்ணன் முடிவே கட்டிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனை பார்க்கப் போகிறவர் முழங்காலெல்லாம் முள் கீறித் திரும்பி வரமாட்டார்.

எனக்கு மதிய ஷிஃப்ட் வந்த வாரம், பால் வாங்கப் போகிறவளைப் போல ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு கம்பெனி இடத்தை எடுத்து, வேலியை மட்டும் போட்டு, கட்டடம் கட்டாமல் விட்டு வைத்திருக்கிறதே, நீகூட அந்த ரோட்டில்தான் ஸ்கூட்டி பழகி என்னைக் கீழே தள்ளினாய், அங்கே போய் நின்றார். வேலி பிய்ந்திருந்த இடத்தில் குனிந்து உள்ளே போனார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், பனி சொட்டும் புல்லுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்டங்கத்திரிச் செடியை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உனக்கே தெரியும், அவர் பிழைப்பே அந்தப் பார்வைதான். ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் உட்கார்ந்து இத்தனை வருடமாக எது சரி, எது சரியில்லை என்று பார்த்த கண். கஸ்டமரிடமிருந்து கம்ப்ளெயின்ட் என்று ஒரு போன் வந்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் பையைத் தூக்குவார். கம்ப்ளெயின்ட் வந்த இடத்துக்கு நேரில் போக வேண்டும், பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும், தப்பு நம் பக்கம் என்றால் அவர்கள் முன்னாலேயே ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் இந்த வேலை என்பார். உன் சடங்கன்று பந்தி நடக்கும்போதே ஓசூருக்குப் பஸ் ஏறியவர்தானே. நீ இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாய். அப்பேர்ப்பட்ட கண்ணை ஒரு முள்செடி முழிக்க வைத்துக்கொண்டிருந்தது.

என்ன மாமா இது என்றேன். திடுக்கிட்டு எழுந்தார். இருமலுக்கு என்றார். ஆனால் இரும மறந்துவிட்டார். கொஞ்சம் கழித்து ஞாபகம் வந்து இரண்டு தடவை இருமினார். நானும் நம்பியது போல, ஐயோ பாவம் மாமா என்றேன். அவருக்கு இந்தச் செடிகொடி எதுவும் தெரியாது, ஐசு. நெல்லையும் புல்லையும் பிரித்துச் சொல்வார், அவ்வளவுதான். அவர் கம்பெனியில் தோட்ட வேலை கான்ட்ராக்டில் இருக்கிறாரே கிளியம்மாள் அக்கா, புல்தரையில் களை பிடுங்குகிறவர், அவரிடம் கேண்டீன் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். அந்த அக்காவுக்கு ஒரே சிரிப்பாம். தினமும் நாங்கள் பிடுங்கிக் குப்பையில் போடுவதைத்தான் சார் தேடுகிறார் என்று. ஆனால் கம்பெனிக்குள் வளர்வதைத் தொடாதீர்கள், களைக்கொல்லி அடித்திருக்கிறோம், ரோட்டோரம் பறித்தால் இலையெல்லாம் லாரிப் புகை, ஆள் நடமாட்டம் இல்லாத காலி இடமாகப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு இலையையும் போனில் படம் எடுத்துக்கொண்டுபோய் அந்த அக்காவிடம் காட்டிக் கேட்டுத்தான் மறுநாள் பறிப்பார். ஒருநாள் ஊமத்தையைப் படம் எடுத்துக்கொண்டு போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த இடத்தில் இந்த மாதத்தில் என்னவெல்லாம் கிடக்கிறது என்று நீ பார்க்க வேண்டும். கம்பி வேலி முழுக்க முசுமுசுக்கை. புதருக்குள் ஊதாப்பூவும் சிவப்புப் பழமுமாகத் தூதுவளை. சரளை கொட்டிய இடத்தில் கண்டங்கத்திரி, தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கிறது. கால்வாய் ஓரம் நொச்சி, ஒரு மூலையில் காய்த்துத் தள்ளிய சுண்டை. மழையும் விட்டு, வெயிலும் ஏறாத இந்தக் கொஞ்ச நாளில் பறித்தால்தான் உண்டு, பங்குனி பிறந்துவிட்டால் காய்ந்துவிடும் என்று கிளியம்மாள் அக்கா சொல்லியிருந்ததால் மாமாவுக்கு ஒரே பறப்பு.

பறப்பு என்றுதான் பெயர், பறிப்பதைப் பார்த்தால் உனக்கே ஆத்திரம் வரும். பொத்தல் விழுந்த இலை ரிஜெக்ட். நுனி மடங்கியிருந்தால் ரிஜெக்ட். மஞ்சள் புள்ளி இருந்தால் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு யோசிப்பார். நான் மடி நிறையப் பறித்திருப்பேன், அவர் பையில் ஒரு கைப்பிடிகூடத் தேறியிருக்காது. இது என்ன மாமா ஏற்றுமதிக்கா போகிறது, இருமலுக்குத்தானே என்றேன். இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார், “வெளியூர் போற சரக்குமா. நாம இல்லாத எடத்துல தொறப்பாங்க.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நான் காதில் விழாதது போல முசுமுசுக்கைக் கொடியை இழுத்தேன். அவர் இரண்டு தடவை இருமினார்.

அதற்குப் பிறகு என் மதிய ஷிஃப்ட் வாரங்களில் இரண்டு பேருமாகப் போனோம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பேச்செல்லாம் இலையைப் பற்றித்தான். திரும்பும்போது தள்ளுவண்டியில் டீ வாங்கித் தருவார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து உன் அப்பா என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு மாதத்தில் பேசியதற்கு ஈடாகாது. என் மனசில் அவர்மேல் ஒரு கோபம் இருந்தது, உன் விஷயத்தில். அது எப்போது கரைந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பறித்ததை நிழலில் காய வைக்க வேண்டும். அதற்கு அவர் எந்த இடத்தைத் திறந்தார் தெரியுமா? மாடி ரூமை. முப்பிடாதித் தம்பி வாடகைக்கு இருந்த அதே ரூம். நீங்கள் இரண்டு பேரும் மாலை மாற்றிக்கொண்டு போன பிறகு அதை அவர் யாருக்கும் விடவில்லை. ஒடிசாப் பையன்கள் எத்தனை பேர் வந்து கேட்டார்கள். ஒழுகுது தம்பி, ரிப்பேர் பார்க்கணும் என்று அனுப்பிவிடுவார். ஒரு சொட்டு ஒழுகாது. தம்பி மாட்டி வைத்திருந்த குற்றாலம் படம் போட்ட காலண்டர் இன்னும் அப்படியே சுவரில் இருக்கிறது. அதைக் கழற்றவில்லை. அதற்குக் கீழேயே தன் வேட்டியை விரித்துத் தூதுவளையைப் பரப்பினார். நான் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

இனிமேல்தான் சத்தியம் வாங்கிய கதை. பயப்படாதே, நல்லபடியாகவே முடிந்தது.

போன வாரம் ஒருநாள் காலையில் எனக்கு ஒரு போன். அந்தக் காலி இடத்துக்குக் காவல் பார்க்கிற செக்யூரிட்டி கேபினிலிருந்து. உங்கள் வீட்டுப் பெரியவரைப் பிடித்து வைத்திருக்கிறோம், வந்து பேசுங்கள் என்றார்கள். அந்தப் பக்கம் தெருவிளக்குக் கம்பத்தில் காப்பர் ஒயரை வெட்டிக்கொண்டு போகிறார்களாம். வேலிக்குள் ஓர் ஆள், கையில் கையுறை, கத்தரிக்கோல், தோளில் பெரிய பை. அவர்கள் மேலும் தப்பு சொல்ல முடியாது. மாமா தன் மகன் நம்பரைக் கொடுக்காமல் என் நம்பரைக் கொடுத்திருந்தார்.

போனபோது கேபினுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பையைத் தரையில் கொட்டிவிட்டிருந்தார்கள். எல்லாம் இலை. பார்த்துப் பார்த்துப் பறித்த இலை அவர் காலடியில் மண்ணோடு கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்த ஆபீசர் மறைமலை நகர்ப் பக்கத்து ஆள் போல. மரியாதையாகத்தான் பேசினார். யாருக்கு, எதற்கு, விற்கவா என்று நாங்களும் கேட்டுப் பார்த்துவிட்டோம்மா, பெரியவர் வாயே திறக்கவில்லை, அதனால்தான் சந்தேகம் என்றார். இருமலுக்கு சார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மாமா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“என் பொண்ணு புள்ள பெத்துக்கப் போறா சார். அவளுக்கு அம்மா இல்ல. நான்தான் செய்யணும்.”

இவ்வளவுதான் சொன்னார். ஐசு, எனக்குப் பொண்ணே இல்லை என்று மூன்று வருடத்துக்கு முன் தெருவே கேட்கக் கத்தியவர் இவர்தான். அன்றைக்கு நானும் வாசலில்தான் நின்றிருந்தேன். அந்த வாய் இதைச் சொன்னபோது, ஸ்கூட்டிச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். சொல்வதற்கு என்ன வெட்கம்.

அந்த ஆபீசரே குனிந்து இலையை அள்ளிப் பையில் போட ஆரம்பித்தார். மண் ஒட்டியதை மாமா வாங்கி ஊதித் தனியாக வைத்தார், அந்த நேரத்திலும் ரிஜெக்ட் பிரிக்கிறார் மனிதர். கிளம்பும்போது, இனிமே வேலில நுழையாத பெரியவரே, கேட்டு வழியா வா, கேபின் பின்னாடி தூதுவள மண்டிக் கீது என்று ஆபீசர் சொன்னார். மறுநாள் நாங்கள் கேட் வழியாகத்தான் போனோம்.

அன்றைக்கு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வரும்போதுதான் சத்தியம் வாங்கினார். நீயே பறிச்சு நீயே அனுப்பினதா இருக்கட்டும், போன்ல அவகிட்ட ஒண்ணும் சொல்லாத என்றார். ஏன் என்றேன். வீடு வந்துவிட்டது.

அப்புறம் லேகியம் கிளறிய கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தண்டலத்தில் என் அம்மாவிடம் கேட்டு, கிளியம்மாள் அக்காவிடமும் கேட்டு, ஸ்ரீபெரும்புதூர்க் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வாங்கி வந்து அடுப்பில் வைத்தோம். பதம் வரும்வரை கிளற வேண்டும் மாமா என்றேன். பதம்னா எத்தனை டிகிரி என்று கேட்டார். கையில் ஒட்டாமல் வர வேண்டும் என்றேன். யாரு கைல என்றார். உன் அண்ணன் ஓ.டி. முடித்து வந்து பார்த்தால், அப்பா அடுப்படியில் பனியனோடு வியர்க்க வியர்க்க நின்று கரண்டி பிடிக்கிறார், பெண்டாட்டி ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்கிறாள். என்ன நடக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் சொன்னேன். மனைப் புரோக்கர் கதையை அதோடு விட்டார். ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போய், நல்லெண்ணெய் பத்தவில்லை என்று செக்கிலிருந்து வாங்கி வந்து வைத்தார். உன் அண்ணனுக்கு அதற்குமேல் பேசத் தெரியாது, நீயும் எதிர்பார்க்காதே.

இத்தனையும் செய்துவிட்டு மறுநாள் காலையில் மாமா செய்த காரியம்தான் பெரிது. எங்கள் லைனில் புது வேலை ஓட ஆரம்பித்தால், முதலில் வருகிற பீஸை இன்ஸ்பெக்டர் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் மற்றது ஓட வேண்டும். ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவல் என்பார்கள். அதே பழக்கத்தில், பிள்ளை பெற்றவள் சாப்பிடுகிற லேகியத்தை வெறும் வயிற்றில் ஒரு பெரிய உருண்டை உருட்டி வாயில் போட்டிருக்கிறார். ஒன்றில் சரியாகத் தெரியவில்லை என்று இன்னொன்று. காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் மனிதருக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. ஃபேனுக்குக் கீழே உட்காருகிறார், எழுந்து பின்பக்கம் ஓடுகிறார், வருகிறார், மறுபடி ஓடுகிறார். உன் அண்ணன் பயந்துபோய்க் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்க, இவர் மறைக்காமல் சொல்ல, பக்கத்தில் இருந்த நர்ஸ் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாராம். மோர் குடித்துச் சாயங்காலம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, மிளகைப் பாதியாக்கு, புள்ள தாங்கமாட்டா என்பதுதான். அந்த முதல் சட்டி முழுக்க ரிஜெக்ட். உனக்கு வந்திருப்பது இரண்டாவது.

பெட்டியில் அந்த லேகியம் மேல்தட்டில் இருக்கும். தூதுவளையையும் முசுமுசுக்கையையும் பொடித்துத் தனித்தனி டப்பாவில் போட்டிருக்கிறேன், ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டால் நெஞ்சுச் சளிக்கு நல்லது. சுண்டைக்காயை மோரில் ஊறப்போட்டு வற்றலாக்கியிருக்கிறேன். காய்ந்த நொச்சி இலை பிள்ளை பிறந்த பிறகு நீ குளிக்கிற வெந்நீருக்கு. எல்லாமே பிரசவத்துக்குப் பிறகுதான், இப்போது ஒன்றையும் தொடாதே. அப்போதும் உன் டாக்டரம்மாவிடம் காட்டி, சாப்பிடலாம் என்று அவர் சொன்னால் மட்டும் சாப்பிடு. வேண்டாம் என்றால் விட்டுவிடு, நாங்கள் வருத்தப்படமாட்டோம். கண்டங்கத்திரி எங்கே என்று தேடாதே. முள்ளைப் பார்த்துவிட்டு, புள்ள இருக்கிற வீட்டில் இது வேண்டாம் என்று மாமாவே எடுத்துவிட்டார்.

நேற்றுப் பெட்டி கட்டும்போது கேட்டே விட்டேன். தசரதன் அண்ணன் லாரியில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் மாமா என்றேன். டேப்பை ஒட்டிக்கொண்டே இருந்தார். ஒட்டிய இடத்திலேயே மறுபடி ஒட்டினார். “எந்த மூஞ்ச வச்சிகினு போறது? அவ கூப்ட்டாளா?” என்றார்.

நீயோ, அப்பா ஒரு வார்த்தை கூப்பிடட்டும் அண்ணி, அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று மூன்று வருடமாகச் சொல்கிறாய். இப்போது உன்னால் பஸ் ஏற முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு. நடுவில் நான் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை, ஐசு. அன்றைக்கு அவர் பேசியது தப்பு. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்வதற்கு அவருக்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று இன்னொன்றும் பார்த்தேன். கஸ்டமரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போவாரே அந்தக் கறுப்புப் பை, அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து மொட்டை மாடியில் வெயிலில் வைத்திருந்தார். எதற்கு மாமா என்றேன். பல்லி முட்டை போட்டிருக்கும் என்றார்.

அதனால் எனக்காக ஒன்று செய். பெட்டி வந்து சேர்ந்ததும் எனக்குப் போன் செய்யாதே. அவர் நம்பருக்குச் செய். நம்பரை மாற்றவில்லை. நலமா என்றெல்லாம் ஆரம்பிக்காதே, இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவீர்கள். ஒரு கம்ப்ளெயின்ட் சொல். பொடியில் வாசம் வரவில்லை என்று சொல், வற்றலில் உப்புக் கரிக்கிறது என்று சொல், உன் வாய்க்கு வந்ததைச் சொல். சரக்கு சரியில்லைப்பா, நேரில் வந்து பாருங்கள் என்று சொல். அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த இந்த ஊரில் ஆள் கிடையாது.

தாயும் பிள்ளையுமாக நீ சுகமாகப் பிழைத்தெழ வேண்டும். அத்தை எங்கிருந்தாலும் உன் தலைமாட்டில் இருப்பார். முப்பிடாதித் தம்பிக்கு என் அன்பைச் சொல், அவர் காலண்டர் பத்திரமாக இருக்கிறது என்றும் சொல். அந்தப் பெட்டியில் ஒரு குறையும் இருக்காது, எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு குறை சொல்லு, கண்ணு.

போன் மணி எப்போது அடிக்கும் என்று கூடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அண்ணி,
மஞ்சுளா.